நண்டுக்கறிக்குப் பக்கத்தில் எந்த வைன்? பாசிக்குடாவில் 12 பேருக்கு ஒரு சுவைப்பு மாலை

வாழைச்சேனை_கிச்சன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாசிக்குடாப் பக்கம், மதுபான அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு சிறிய ஹோட்டலின் சமையலறைக்காகக் கேட்கிறேன். 12 விருந்தினருக்கு எங்கட ஊர்ச் சாப்பாட்டோடு இரண்டு சிவப்பு, இரண்டு ஸ்பார்க்ளிங் (நுரைக்கும் வைன்) என நாலு வைனைச் சுவைக்கக் கொடுக்கும் மாலை ஒன்று ஒழுங்கு செய்ய வேணும்.

சாப்பாடு இதுதான்: வறுத்த கஜு, கணவாய்ப் பொரியல், சூடைமீன் பொரியல். மறுகா இடியப்பமும் பால்ச்சொதியும், முருங்கையிலை போட்ட நண்டுக்கறி, பிட்டோடு மாட்டிறைச்சி மிளகு வறுவல், தேங்காய்ச் சம்பல். கடைசியில் எருமைத்தயிரும் கித்துள் பாணியும்.

முன்கூட்டிச் சுவைத்துப் பார்த்ததில் மூன்று இடத்தில் இடிக்குது. மதுச்சாரம் 14.5 சதவீதமுள்ள ஷிராஸ் (கனத்த சிவப்பு வைன்), நண்டுக்கறியோடு சேர்ந்ததும் கசந்து, தொண்டை வரை எரிக்குது. அதே ஷிராஸை சூடை பொரியலோடு குடித்தால் இரும்பை நக்கின மாதிரி ஒரு சுவை. புரூட், அதாவது இனிப்புக் குறைந்த ஸ்பார்க்ளிங், தயிர் பாணிக்குப் பிறகு வெறும் தேசிக்காய்த் தண்ணீர் போலப் புளிக்குது. போத்தல்களில் பிழை இல்லை, தனியாகக் குடித்தால் நல்லாத்தான் இருக்கு.

இடம் திறந்த விறாந்தை, மாலையிலும் 29, 30 பாகை இருக்கும். வைனுக்கென்று தனிப் பிரிட்ஜ் இல்லை. சாதாரணப் பிரிட்ஜ் ஒன்றும் ஐஸ் பெட்டியும் இருக்கு. எந்த வைனை எதோடு, எந்த ஒழுங்கில், எவ்வளவு குளிரில், எத்தனை போத்தல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வாவிக்கரை:

முதலில் "மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு" என்கிற விதியைக் கழற்றி வையுங்கள். அது வெண்ணெயும் உப்பும் போட்டுச் சமைக்கிற ஊர்களுக்குச் சரி. எங்கட சட்டியில் முடிவு எடுப்பது மீனோ இறைச்சியோ இல்லை. கொச்சிக்காய், பழப்புளி, தேங்காய்ப்பால் இந்த மூன்றும்தான். ஒரே நண்டைப் பால்விட்டு வெள்ளைக்கறியாக வைத்தால் ஒரு வைன் பொருந்தும். தூள் போட்டுச் சிவக்க வைத்தால் அது பொருந்தாது.

ஷிராஸ் ஏன் எரித்தது? இரண்டு காரணம். மதுச்சாரம் தானே வாயின் சூட்டு நரம்பைத் தூண்டும். கொச்சிக்காயின் காரமும் அதே நரம்பைத்தான் தொடுகிறது. அதனால் 14 சதவீதத்துக்கு மேல் உள்ள வைன் உறைப்பை அடக்காது, கூட்டிவிடும். அடுத்தது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வாய் வறளும். ஏற்கெனவே உறைப்பில் எரிகிற நாக்குக்கு அந்த வறட்சி கசப்பாகவே தெரியும். நண்டுச் சதையில் இயல்பாக உள்ள இனிப்பும் சாறும் துவர்ப்பை இன்னும் முன்னுக்குத் தள்ளும்.

அதனால் உறைப்புக் கறிக்குச் சிவப்பு வேணுமென்றால் போத்தலின் பின்பக்க லேபிளில் முதலில் மதுச்சார அளவைப் பாருங்கள். 13க்குக் கீழே இருக்க வேணும். திராட்சை கமே அல்லது பினோ நுவார். கமே என்றால் பிரான்சின் போஜொலே. தோல் மெல்லிய இனங்கள், துவர்ப்புக் குறைவு, பழச்சுவை தூக்கல். கபர்னே சோவின்யோனும் ஓக் பீப்பாயில் நாள்பட வைத்த எதுவும் எங்கட சிவப்புக் கறிகளுக்கு ஆகாது. ஓக்கின் துவர்ப்பும் வறுத்த கொத்தமல்லியின் கசப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

இரும்புச் சுவைக்கு வருகிறேன். அது கற்பனை இல்லை. ஜப்பானின் மெர்சியான் நிறுவன ஆய்வாளர்கள் பல வைன்களைக் கடற்சிப்பிச் சதையோடு சுவைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மீன்வாடை எழுவதற்கு வைனில் கரைந்திருக்கும் இரும்பைக் காரணமாகக் காட்டினார்கள். மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பை அந்த இரும்பு வேகமாகக் காறவைக்கிறது. சூடை எண்ணெய்ப்பசை நிறைந்த மீன். அதனால்தான் அதில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. இரும்பின் அளவு மண்ணையும் வைன் செய்யும் பாத்திரத்தையும் பொறுத்து மாறும், லேபிளில் எழுதியிருக்காது. எனவே சூடைக்குப் பக்கத்தில் சிவப்பே வைக்காதீர்கள். புரூட் ஸ்பார்க்ளிங் வையுங்கள், அதன் புளிப்பும் நுரையும் பொரித்த எண்ணெயைக் கழுவிவிடும். அதே புரூட் நண்டுக்கறிக்கும் சரிவரும் என்பது என் எண்ணம்.

அன்றைக்கு முன்பு செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனை: நாலு தட்டில் உப்பு, தேசிக்காய்த் துண்டு, சீனி, மிளகாய்த்தூள் கலந்த தேங்காய்ப்பால். ஒரு மிடறு வைன், பிறகு ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்து, மறுபடி அதே வைன். உப்பு துவர்ப்பை மழுக்கும், தேசிக்காய் வைனின் புளிப்பைக் குறைத்துக் காட்டும். சீனிக்குப் பிறகு எந்த வைனும் புளித்துக் கசக்கும். உறைப்புக்குப் பிறகு மதுச்சாரம் மேலே வரும். பத்து நிமிட வேலை. உங்கள் பாணித் தயிர்ச் சிக்கலுக்கும் பதில் அந்தச் சீனித் தட்டிலேயே இருக்கிறது.

அறுகம்குடா_மேசை:

வாவிக்கரை அண்ணன் சொன்னதில் நண்டுக்குப் புரூட் என்கிற ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நுரையின் குறுகுறுப்பு குமிழி உடைவதால் மட்டும் வருவதில்லை. கரைந்துள்ள காபனீரொட்சைட்டு வாய்க்குள் காபோனிக் அமிலமாக மாறி, வலியை உணரும் நரம்பைக் குத்துகிறது. உறைப்பில் எரிகிற வாயில் அது இன்னொரு குத்து. புரூட்டில் அதைத் தணிக்கும் இனிப்பும் இல்லை. பொரியலுக்குப் புரூட் மிக நல்லது, அதில் சண்டை இல்லை. தூள் போட்ட நண்டுக்குக் கொஞ்சம் இனிப்புள்ள ஸ்பார்க்ளிங்தான் வேணும். எரிவைக் குறைப்பதில் சீனிக்கு உண்மையாகவே பங்கு உண்டு.

இங்கே லேபிள் பலரை ஏமாற்றும். ஐரோப்பிய விதிப்படி ஒரு லீற்றரில் உள்ள சீனி இப்படி: புரூட் நேச்சர் 3 கிராமுக்குக் கீழ், எக்ஸ்ட்ரா புரூட் 6 வரை, புரூட் 12க்குக் கீழ், எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17, டிரை அல்லது செக் 17 முதல் 32, டெமி செக் 32 முதல் 50, அதற்கு மேல் டூ. அதாவது "எக்ஸ்ட்ரா டிரை" என்று பெரிதாக எழுதிய போத்தல் புரூட்டைவிட இனிப்பானது. கடைக்காரரிடம் "இனிப்பா, இல்லையா" என்று கேட்டு வாங்காமல் இந்தச் சொல்லை லேபிளில் தேடுங்கள்.

நண்டுக்கு என் தெரிவு டெமி செக். கிடைக்காவிட்டால் இத்தாலியின் ஸ்பார்க்ளிங்கான புரொசெக்கோவில் எக்ஸ்ட்ரா டிரை. புரொசெக்கோவில் குறைந்தது 85 சதவீதம் கிளேரா திராட்சை. நுரையை உண்டாக்கும் இரண்டாம் நொதிப்பு பெரிய அழுத்தத் தொட்டியில் நடப்பதால் பேரிக்காய், பூ மணம் நிற்கும், ஈஸ்ட் வாசனை குறைவு. தேங்காய்ப்பாலோடு அது இணங்கிப் போகும். ஷம்பெய்னிலும் ஸ்பெயினின் காவாவிலும் இரண்டாம் நொதிப்பு போத்தலுக்குள்ளேயே. ஈஸ்ட் படிவின்மேல் ஷம்பெய்ன் குறைந்தது 12 மாதம் கிடக்கும், காவா குறைந்தது 9 மாதம். அதனால் வரும் பாண் வாசனை வறுத்த கஜுவோடும் கணவாய்ப் பொரியலோடும் அபாரம். கறியின் மசாலாவுக்குள் அது காணாமல் போய்விடும். எனவே விலை கூடிய போத்தலை முதல் தட்டுக்கு வையுங்கள். நண்டுக்கு மலிவான, இனிப்பானது போதும். ஷம்பெய்ன் வாங்கி நண்டுக்கறியோடு ஊற்றுவது காசைக் கடலில் போடுவது.

இன்னொரு வழியும் உண்டு, நுரைக்கும் சிவப்பு. இத்தாலியின் எமிலியாவில் செய்கிற லாம்புரூஸ்கோ. லேபிளில் அமாபிலே என்றிருந்தால் ஓரளவு இனிப்பு. துவர்ப்பும் மதுச்சாரமும் குறைவு, குளிரவைத்தே குடிப்பது. மாட்டிறைச்சி மிளகு வறுவலுக்கும் பிட்டுக்கும் இதைப்போல் பொருந்துகிறது வேறு இல்லை என்பேன். ஆனால் எங்கட பக்கக் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேணும்.

கிளாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கையால் சாப்பிடும் மேசையில் அதுதான் முதலில் கெடும். நண்டுக் கால் உடைத்த விரலில் எண்ணெயும் தூளும் இருக்கும். அந்தக் கை கிண்ணத்தைப் பிடித்ததும் கண்ணாடியில் மஞ்சள் ரேகை விழும், வைன் நிறம் தெரியாது. உதட்டில் ஒட்டின தேங்காய்எண்ணெய் விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் மேல்நுரை அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பார்க்கிறவர் போத்தல் பழுதென்று நினைப்பார். வலது கை சாப்பாட்டுக்கு, இடது கை கிளாஸின் தண்டுக்கு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணி, கைகழுவ வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரில் தேசிக்காய் பிழியாதீர்கள், விரலில் அந்த மணம் நின்று மூக்கை மறைக்கும்.

கிளாஸைக் கழுவும்போது சவர்க்காரம் மிஞ்சினாலும் நுரை சாகும். சுடுதண்ணீரில் அலசி, மணமில்லாத துணியால் துடைத்து நிமிர்த்தி வையுங்கள். துணியின் நுண்ணிய இழை ஒன்றிரண்டு உள்ளே ஒட்டுவது நல்லதுதான். குமிழிகள் பெரும்பாலும் அந்த இழைகளில் இருந்துதான் கிளம்புகின்றன. கவிழ்த்து அலுமாரியில் பூட்டினால் அலுமாரி மணம் உள்ளே அடைபடும். ஒல்லியான நீளக் கிளாஸ் இல்லையென்று கவலைப்பட வேண்டாம், சாதாரண வைன் கிளாஸில்தான் ஸ்பார்க்ளிங்கின் வாசனை நல்லாகத் தெரியும்.

கச்சான்காத்து:

குளிர் பற்றிச் சொல்கிறேன். மட்டக்களப்பு வெக்கையில் பாதி வைன் சாவது அதில்தான்.

"சிவப்பு வைன் அறை வெப்பத்தில்" என்று எழுதியவர்களின் அறை 16 முதல் 18 பாகை. எங்கட விறாந்தை 30. அந்தச் சூட்டில் மதுச்சாரம் மூக்கில் ஏறும், பழமணம் காய்ச்சின ஜாம் போல் ஆகும், துவர்ப்பு சிதறும். உங்கள் ஷிராஸை 30 பாகையில் ஊற்றியிருந்தால் எரிவில் ஒரு பங்கு அதற்கும் உண்டு.

கிளாஸில் இருக்க வேண்டிய அளவு: புரூட் 7 முதல் 9 பாகை, இனிப்பு ஸ்பார்க்ளிங் 6 முதல் 8, கமே அல்லது பினோ நுவார் 12 முதல் 14, ஷிராஸ் போன்ற கனத்த சிவப்பு 16 முதல் 17. திறந்த வெளியில் கிளாஸ் சீக்கிரம் சூடேறும் என்பதால் இவற்றைவிட இரண்டு பாகை குறைவாக ஊற்றுங்கள். சமையலுக்குப் பாவிக்கிற குத்தும் வெப்பமானி இருந்தால் போத்தல் வாயால் விட்டுப் பாருங்கள், கையால் தொட்டு ஊகிக்காதீர்கள்.

எப்படி அங்கே கொண்டுபோவது? வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், போத்தல் கழுத்துவரை மூழ்க வேணும். வெறும் ஐஸ் கட்டிக்குள் நட்டால் கட்டிகளுக்கு இடையில் காற்றுத்தான் இருக்கும், குளிர் ஏறாது. 30 பாகையில் இருந்து ஸ்பார்க்ளிங் 30 நிமிடம், கனத்த போத்தலென்றால் 35. மெல்லிய சிவப்பு 15 நிமிடம், ஷிராஸ் 10. ஒரு பிடி உப்பு போட்டால் இன்னும் வேகம். வாளிக்கு ஊற்றும் தண்ணீரை முன்பே பிரிட்ஜில் வைத்திருந்தால் ஐஸ் நிறைய மிச்சமாகும். குழாய்த் தண்ணீரின் சூட்டை ஆற்றவே முதல் ஐஸ் முழுவதும் கரைந்துபோகும். பிரிட்ஜ் வழி என்றால் ஸ்பார்க்ளிங்கை முதல்நாளே வையுங்கள், சிவப்பை ஒன்றரை மணி நேரத்துக்கு முன். பிரிட்ஜில் கருவாடு, வெட்டின வெங்காயம் இருக்கும் தட்டில் வேண்டாம். ஸ்பார்க்ளிங்கை உறையவைக்கும் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, உறைந்து விரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

சேமிப்பு: கச்சான் வீசுகிற மாதங்களில் களஞ்சிய அறை பகலில் 33, 34 பாகைக்கு ஏறும். அங்கே சில வாரம் கிடந்த போத்தலை நம்பாதீர்கள். வாங்கும்போது பாருங்கள்: தக்கை போத்தல் வாய்க்கு மேல் எழும்பியிருந்தாலோ, மூடிக்குக் கீழே ஒட்டும் கசிவு இருந்தாலோ சூடு பட்டது. கடைக் கண்ணாடியில் வெயில் விழுகிற தட்டில் நிற்கிற போத்தலை விலை குறைத்தாலும் எடுக்க வேண்டாம். எங்கட காலநிலைக்குத் திருகுமூடிச் சிவப்பே பாதுகாப்பு.

ஸ்பார்க்ளிங் திறக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், விறாந்தையில் 12 பேர் இருக்கும்போது அது விளையாட்டில்லை. போத்தல் வந்த பாதையில் குலுங்கியிருக்கும், குறைந்தது ஒரு நாள் அசையாமல் வையுங்கள். நல்லாகக் குளிர்ந்த பிறகே திறக்க வேணும், சூடான போத்தல் பீறிடும். தாளை உரித்து, பெருவிரலைத் தக்கையின் மேல் அழுத்தி, அதை எடுக்காமலே கம்பியை ஆறு அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். கம்பியைக் கழற்றாமல் துணியால் சேர்த்துப் பிடியுங்கள். போத்தலை 45 பாகை சரித்து, ஆளில்லாத பக்கம் திருப்பி, தக்கையைப் பிடித்தபடி போத்தலின் அடியைத் திருப்புங்கள். தக்கை தானே தள்ளும், நீங்கள் எதிர்த்துப் பிடிக்க வேணும். "உஸ்" என்று மூச்சுவிட்ட மாதிரி வந்தால் சரி. "டப்" என்று வெடித்தால் நுரையில் ஒரு பங்கு நிலத்துக்குப் போய்விட்டது.

ஊற்றும்போது கிளாஸைக் கொஞ்சம் சரித்து ஒரு விரல் அளவு ஊற்றி, நுரை அடங்கவிட்டு, பிறகு மிச்சத்தை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் பாதி கிளாஸ் நுரைதான்.

வாழைச்சேனை_கிச்சன்:

மிச்சம் பெரிய உதவி, நன்றி. சரி, நண்டுக்கு டெமி செக் எடுக்கிறேன். ஆனால் ஒழுங்கில் இன்னும் குழப்பம். ஸ்பார்க்ளிங் இரண்டையும் முதலில், சிவப்பு இரண்டையும் பிறகு என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லுறாங்க. அப்படியென்றால் நண்டுக்கறி இறைச்சிக்கு முன்னால் வருமே? அந்த உறைப்புக்குப் பிறகு சிவப்பு எடுபடுமா? ஷிராஸ் மூன்று போத்தல் ஏற்கெனவே வாங்கியாச்சு, அதை வீணாக்க விருப்பமில்லை.

திருக்கோவிலான்:

எடுபடாது. அந்த ஒழுங்கை விட்டுவிடுங்கள். உறைப்பு வாயில் பத்து, பதினைந்து நிமிடமாவது நிற்கும், அதற்குப் பிறகு ஊற்றும் எதையும் அதுவே தீர்மானிக்கும். இனிப்பும் அப்படித்தான், டெமி செக்குக்குப் பிறகு வரும் இனிப்பில்லாத சிவப்பு நாக்கின் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும். ஆகவே உறைப்பும் இனிப்பும் இரண்டும் கடைசிக்கு. நண்டுக்கறியை இறைச்சிக்குப் பின்னால் தள்ளினால் முழுச் சிக்கலும் ஒரே அடியில் தீரும்.

முதலில் புரூட், கஜு, கணவாய், சூடை. கஜுவில் உப்பு மட்டும், மிளகாய்த்தூள் தூவ வேண்டாம். கணவாயை அரிசி மா தூவி மொறுமொறுப்பாகப் பொரியுங்கள். சூடையில் மஞ்சளும் உப்பும் மிளகும் போதும்.

இரண்டாவது கமே அல்லது பினோ நுவார், இடியப்பம் பால்ச்சொதியோடு. பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் வெந்தயம், பச்சைக் கொச்சிக்காய் இரண்டு கீறல், மஞ்சள் மட்டும் போட்ட சொதி மெல்லிய சிவப்பின் பழச்சுவையைத் தூக்கிவிடும். சொதிக்குக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுவதை அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். சொதிக்குள் மீன் துண்டு போடாதீர்கள், இரும்புச் சுவை திரும்ப வரும்.

மூன்றாவதுதான் உங்கள் ஷிராஸ், மாட்டிறைச்சி மிளகு வறுவலோடு. ஷிராஸின் மிளகுவாசம் நாக்கின் மயக்கம் இல்லை. ரொட்டன்டோன் என்கிற சேர்மம் ஷிராஸ் திராட்சையிலும் கருமிளகிலும் இருக்கிறது, 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது. எனவே வறுவலில் மிளகாய்த்தூளை முழுக்க விட்டுவிட்டு உறைப்பை மிளகிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு கிலோ இறைச்சிக்கு அப்போதைக்கு இடித்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி. கொழுப்போடு உள்ள துண்டாக வெட்டச் சொல்லுங்கள். புரதமும் கொழுப்பும் துவர்ப்பை இழுத்துக்கொள்ளும், உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருந்தால் இன்னும் மென்மையாகும். பழப்புளி, தக்காளி வேண்டாம். தேங்காய்ச் சொட்டு வறுத்துப் போடுங்கள். பிட்டு இதற்கு நல்ல துணை. சம்பலை மட்டும் இந்தத் தட்டில் வைக்காதீர்கள், பச்சை வெங்காயமும் தேசிக்காயும் எல்லாவற்றையும் கவிழ்க்கும்.

பிறகு பதினைந்து நிமிட இடைவெளி. நாக்கைத் துடைக்கத் தண்ணீர் உதவாது. உறைப்பின் சாரம் தண்ணீரில் கரையாது, அது வாய் முழுக்கப் பரவும். சீனி போடாத தயிர் ஒரு கரண்டி அல்லது வெறும் பாண் துண்டு கொடுங்கள்.

கடைசியில் நண்டுக்கறி, டெமி செக், சம்பலும் இங்கேதான். நண்டுக்கும் கொஞ்சம் திருத்தம் வேணும். வழமையாகப் போடும் தூளில் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள், முதற்பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். முருங்கையிலை கடைசி ஐந்து நிமிடத்தில், அதற்கு மேல் கொதித்தால் வரும் கசப்பு வைனில் இரண்டு மடங்காகத் தெரியும். மறுகா அதே டெமி செக் மிச்சத்தோடு தயிர். பாணியை ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். எப்போதும் வைன், இனிப்புப் பண்டத்தைவிட ஒரு படி இனிப்பாக இருக்க வேணும். பாணி நிறைய வேணும் என்பவர்களுக்கு மொஸ்கடோ டாஸ்தி (இத்தாலியின் இனிப்பான, லேசாக நுரைக்கும் வைன்) ஒரு போத்தல் எடுக்கலாம், மதுச்சாரம் 5 சதவீதம் அளவுதான், சீனி லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல்.

அளவு: போத்தல் 750 மில்லிலீற்றர். ஒருவருக்கு 60 வீதம் 12 பேருக்கு 720. கணக்கில் ஒரு போத்தல் போதும், ஆனால் நுரையில் சிந்துவதும் தக்கைப் பழுதும் கணக்கில் வராது. திறந்ததும் நனைந்த காட்போட் மணம் வந்தால் தக்கையிலிருந்து வந்த பழுது. ஊற்றி வைத்தால் போகும் என்று காத்திருக்க வேண்டாம், கூடத்தான் செய்யும். எனவே புரூட்டிலும் மெல்லிய சிவப்பிலும் இரண்டு இரண்டு, டெமி செக் நண்டுக்கும் தயிருக்கும் வருவதால் மூன்று. ஷிராஸ் உங்களிடம் இருப்பதே கூடுதல். நாலு வைனும் 60 வீதம் என்றால் ஒருவருக்கு 240 மில்லிலீற்றர், 12.5 சதவீதக் கணக்கில் சுத்த மதுச்சாரம் ஏறக்குறைய 24 கிராம். தயிருக்கு மீண்டும் ஊற்றுவது இதற்கு மேல். அது சும்மா இல்லை. துப்புவதற்கு ஒரு மண்குவளை மேசையில் வையுங்கள், வாகனம் ஓட்டி வந்தவர் அதைக் கூச்சமில்லாமல் பாவிக்கட்டும்.

சட்டப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும்: 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் ஊற்ற முடியாது, போயா (பௌர்ணமி) தினத்தில் விற்க முடியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடுக்கிறது, ஆகவே முகநூலில் போத்தல் படம் போட்டு அழைப்பு விடாதீர்கள். நாளைத் தெரியும்போது முதலில் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள்.

வாழைச்சேனை_கிச்சன்:

இந்த ஒழுங்கு மிச்சம் தெளிவு. கடைசியாக ஒன்று: திறந்த போத்தல் மிஞ்சினால் எத்தனை நாள் இருக்கும்? மிச்ச ஷிராஸை அடுத்தநாள் மாட்டிறைச்சிக் கறிக்குள் ஊற்றலாமா?

கச்சான்காத்து:

சிவப்பு, மூடி பிரிட்ஜில் மூன்று நாள், வெளியில் வைத்தால் மறுநாளே மங்கும். ஸ்பார்க்ளிங்குக்கென்று விற்கும் பிடிப்பு மூடி போட்டால் இரண்டு நாள். வாயில் கரண்டி செருகி வைக்கிற கதை வேலைக்காகாது. கழற்றிய தக்கையைத் திரும்பச் செருகாதீர்கள், அழுத்தம் ஏறினால் தானே பறக்கும்.

திருக்கோவிலான்:

தேங்காய்ப்பால் விட்ட கறிக்குள் ஊற்ற வேண்டாம், வைனின் புளிப்பில் பால் திரியும், நிறமும் சாம்பலடிக்கும். பால் விடாத வறுவலென்றால் முடியும். வெங்காயம் வதங்கினதும் ஒரு கிலோ இறைச்சிக்கு 150 மில்லிலீற்றர் விட்டு, மூடாமல் பாதியாக வற்றும் வரை கொதிக்கவிட்டு, பிறகு இறைச்சி போடுங்கள். வற்றாமல் போட்டால் பச்சைச் சாராய வாடை நிற்கும்.

ஆனால் ஒன்று. எங்கட பக்கச் சமையலறைகளில் முஸ்லிம் பணியாளர்களும் முஸ்லிம் விருந்தினரும் சாதாரணம். எவ்வளவு கொதித்தாலும் மதுச்சாரம் முழுக்கப் போவதில்லை, போனாலும் அவர்களுக்கு அது ஆகாது. அந்தக் கறிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை வையுங்கள். பட்டியலில் வைன் சேர்த்தது என்று தெளிவாக எழுதுங்கள். சமைக்கவோ ஊற்றவோ விரும்பாத பணியாளரை அந்த வேலைக்கு விடாதீர்கள். அன்றைய மாலைக்கும் இதே ஏற்பாடு, சாப்பாட்டுச் சட்டி எதிலும் வைன் படாமல் கிளாஸில் மட்டும் இருக்கட்டும்.